காகித மடிப்பும் படமெடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு கேத்திரகணித ஒரிகாமி மடிக்கிறேன், மடித்ததைப் படமும் எடுக்கிறேன். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கடற்கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் என்று எல்லோரும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கொக்கு மடிப்பதுதானே ஒரிகாமி? கேத்திரகணிதம் எங்கே வந்தது?

கொக்கும் ஒரிகாமிதான். நான் மடிப்பது பறவை, பூ, மீன் என்று எதையும் போலிருக்க முயலாத வகை. அதில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று, ஒரே மாதிரியான சிறு துண்டுகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி கனசதுரம், நட்சத்திரம், பந்து என்று கட்டுவது. மற்றது, ஒரே தாளில் கட்டம் கட்டமாகக் கோடு மடித்து, அந்தக் கோடுகளின் மேல் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தை எழுப்புவது, டெசலேஷன் என்பார்கள். வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகை உடனே பிடிபடும், முதலில் புள்ளி, பிறகுதான் கோடு. வெட்டுவது, ஒட்டுவது இரண்டுமே கிடையாது.

எதில் தொடங்கலாம்?

சொனோபே துண்டு. மிட்சுனோபு சொனோபே என்ற ஜப்பானியரின் பெயரில் வழங்குவது. சதுரத் தாளின் இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலைகளை மடித்து உள்ளே செருகினால் ஓர் இணைகரம் வரும். அதில் இரண்டு நாக்கு, இரண்டு பை. ஒன்றின் நாக்கு இன்னொன்றின் பைக்குள் போகும், அவ்வளவுதான் முழு விஷயமும். மடிக்கும் படிகளை வீடியோவில் பார்த்துப் பழகுவதுதான் சுலபம், எழுத்தில் சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன்.

ஆறு துண்டில் கனசதுரம், 12 துண்டில் எட்டுக் கூர் நட்சத்திரம், 30 துண்டில் இருபது கூர் கொண்ட பந்து. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நான்முகிக்கு விளிம்பு 6, எண்முகிக்கு 12, இருபதுமுகிக்கு 30. ஒரு விளிம்புக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று துண்டு சேர்ந்தால் ஒரு சிறு கூர்க்கோபுரம் எழும். மூன்று கோபுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி நின்றால் நான்முகி (வெளியே கனசதுரமாகத் தெரியும்), நான்கு நின்றால் எண்முகி, ஐந்து நின்றால் இருபதுமுகி. 30 துண்டுப் பந்தை மூன்று நிறத்தில், நிறத்துக்குப் பத்தாக மடித்து, ஒவ்வொரு கோபுரத்திலும் மூன்று நிறமும் வரும்படி கட்ட முடியும். முயன்று பாருங்கள், ஒரு பின்னேரம் போவதே தெரியாது.

அது கைவந்த பிறகு தொமோக்கோ ஃபூசே என்ற ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞரின் பெட்டிகளும் பந்துகளும், அப்புறம் தொமஸ் ஹல் என்ற கணிதப் பேராசிரியர் உருவாக்கிய ஃபிஸ் துண்டு. ஃபிஸ் துண்டு 30 சேர்ந்தால் பன்னிருமுகி, 90 சேர்ந்தால் கால்பந்தின் தையல் கோடுகளைப் போன்ற கூடு.

என்ன தாள் வாங்க வேண்டும்? இங்கே கிடைக்குமா?

ஒரிகாமித் தாள் என்று தனியாகக் கேட்டால் ஊர்க் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். தேவையும் இல்லை. போட்டோக்கொப்பிக் கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் கலர் ஏ4 போதும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீற்றர். 7 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினால் அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு, ஆக 12 சதுரம் வரும், ஒரு மெல்லிய கீற்று மட்டும்தான் மிச்சம். அதாவது ஒரு தாளில் ஒரு எட்டுக் கூர் நட்சத்திரம், மூன்று தாளில் 30 துண்டுப் பந்தும் பழுதானால் மாற்ற ஆறு சதுரமும். மேசையில் வைக்கும் மெமோத் தாள் கட்டைகள் ஏற்கனவே சதுரமாக இருப்பதால் இன்னும் வசதி. டெசலேஷனுக்கு மெல்லியதும் உறுதியானதுமான தாள் வேண்டும், டிரேசிங் தாள் நல்லது. பட்டம் கட்டும் கலர்த்தாளில் வெளிச்சம் அழகாக ஊடுருவும், ஆனால் வேர்த்த கை பட்டால் சாயம் போகும்.

மடிப்பதற்கு பிரிஸ்டல் போர்ட் வேண்டாம். அதைப் படமெடுக்கும்போது பயன்படுத்துவோம்.

வெட்டுவதுதான் முக்கியம். கத்தரிக்கோலை மறந்துவிடுங்கள், இரும்பு அடிமட்டமும் கட்டரும் வேண்டும். சதுரம் ஒரு மில்லிமீற்றர் கோணினாலும் முதல் துண்டில் தெரியாது, முப்பதாவது துண்டு எல்லாக் கணக்கையும் சேர்த்துக் கேட்கும்.

கொஞ்சம் பசை போட்டால் என்ன?

போட்டால் பொலிஸ் வராது. ஆனால் பசை கேட்கிறது என்றால் மடிப்பில் எங்கோ பிசகு என்று அர்த்தம், அதைத் தேடுங்கள்.

கடைசித் துண்டு மட்டும் உள்ளே போகவே மாட்டேன் என்கிறதே?

எல்லோருக்கும் அப்படித்தான். முதலில், எல்லாத் துண்டும் ஒரே பக்கமாகச் சாய்கின்றனவா என்று பாருங்கள். சொனோபே துண்டுக்கு இடக்கை வலக்கை உண்டு. கண்ணாடியில் தெரிவது போல மாறி மடித்த ஒரு துண்டு கலந்துவிட்டால் அது எந்தப் பைக்குள்ளும் ஒழுங்காகப் போகாது. எல்லாம் சரியென்றால் அவசரம்தான் பிரச்சினை. கடைசித் துண்டின் நாக்கைத் தள்ளாதீர்கள், அக்கம்பக்கத்து நான்கு துண்டுகளையும் அரைவாசி வெளியே இழுத்து, ஐந்தையும் ஒன்றாக, மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குங்கள். பையின் வாய் திறக்காவிட்டால் மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவின் நுனியை உள்ளே விட்டு மெதுவாக அகட்டலாம். சரியாக உட்காரும்போது ஒரு சின்ன ‘டிக்’ கேட்கும், பந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறுகும். அதற்கு முன்வரை தொளதொளவென்று கையில் கிடந்தது அதேதானா என்று சந்தேகம் வரும்.

தாளை அளக்காமல் சரியாக மூன்றாகப் பிரிக்க முடியுமா?

முடியும், இது எனக்கு மிகவும் பிடித்த வித்தை. சதுரத் தாளின் மேல் ஓரத்து நடுப்புள்ளியைக் குறியுங்கள். கீழ் வலது மூலையைத் தூக்கி அந்தப் புள்ளியில் சரியாக வையுங்கள். இப்போது கீழ் ஓரம் சாய்ந்து போய் இடது ஓரத்தை ஓர் இடத்தில் வெட்டுகிறது அல்லவா, அது மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. கஸுவோ ஹகா என்ற ஜப்பானிய உயிரியலாளர் கவனித்துச் சொன்னது, ஹகா தேற்றம் என்றே பெயர். ஏன் என்று பார்க்க ஓ லெவல் பிள்ளைக்குத் தெரிந்த இயல்பொத்த முக்கோணிகள் போதும், வலப்பக்க மூலையில் 3, 4, 5 விகிதத்தில் ஒரு முக்கோணி உட்கார்ந்திருக்கும்.

அப்படியென்றால் கணக்கு நன்றாகத் தெரிய வேண்டுமா?

மடிக்கத் தேவையில்லை. ஆனால் மடிக்க மடிக்க அது தானாக வந்து பக்கத்தில் உட்காரும். தட்டையாக மடித்த எதையாவது விரித்து, தாளின் ஓரத்தில் இல்லாமல் உள்ளே கோடுகள் சந்திக்கும் ஒரு புள்ளியைப் பாருங்கள். மலைபோல் எழுந்த கோடுகளையும் பள்ளமாக இறங்கிய கோடுகளையும் எண்ணினால் வித்தியாசம் எப்போதும் இரண்டுதான். இது மாயகாவா தேற்றம். அதே புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை. இது கவாசாகி தேற்றம். ரியூஷன் முடிந்து களைத்துப்போய் வரும் பிள்ளையிடம் ஒரு கசங்கிய தாளைக் கொடுத்து இதைச் சரிபார்க்கச் சொன்னால் களைப்பை மறந்து எண்ணும்.

இதெல்லாம் ஜப்பானியர் சொத்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். காகித மடிப்பால் கேத்திரகணிதம் படிப்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை சுந்தரராவ் என்பவர் 1893இல் மதராஸில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணிதமேதை ஃபீலிக்ஸ் கிளைன் அதை எடுத்துச் சொன்ன பிறகு மேற்கில் பலர் படித்தார்கள். நம் பக்கத்துப் பாடசாலைகளில் இது பரவாமல் போனது ஏன் என்று எனக்கு இன்னும் ஆதங்கம்.

மாரியில் மடித்ததெல்லாம் தளர்ந்து விரிந்துவிடுகிறதே?

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இங்கே காற்றே ஈரம். தாள் அந்த ஈரத்தைக் குடித்து நார்களுக்குக் குறுக்காக வீங்கும், கூர்மையான மடிப்பும் சோர்ந்துவிடும். மாரியில் புதிதாக ஒன்றும் மடிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், மழை கொட்டும் நாட்களில் வேறு என்ன வேலை. ஆனால் தாளைப் பிளாஸ்ரிக் பெட்டியில் மூடி வைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள்: இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்தால் எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, நார் அந்த வளைவின் கோட்டுக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. எல்லாத் துண்டையும் ஒரே நார்ப்போக்கில் வெட்டினால் வீங்கினாலும் ஒரே மாதிரி வீங்கும். நேர்மாறாக, கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாள் முறுகிப்போய் மடிப்பில் வெடிக்கும், கனமான தாளை அப்போது தவிர்க்கலாம்.

படமெடுக்க நல்ல கமரா வாங்க வேண்டுமா?

கையில் உள்ள போன் போதும். இரண்டு விஷயம் மட்டும். போனின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்ப்பது, கிட்டக் கொண்டுபோனால் முன்னால் உள்ள கூர் பூதாகரமாகவும் பின்னால் உள்ளவை சுருங்கியும் தெரியும். கேத்திரகணித வடிவத்துக்கு இது அநியாயம். இரண்டு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் வைத்து எடுங்கள், கோணங்கள் ஒழுங்காக வரும். இரண்டாவது, போனை எதிலாவது சாய்த்து வைத்து இரண்டு செக்கன் டைமரில் எடுங்கள். கமரா வைத்திருப்பவர்களுக்கு: லென்ஸின் துளை எஃப்8 அல்லது எஃப்11, முக்காலி, அவ்வளவுதான்.

வெள்ளைத் தாளைப் படமெடுத்தால் அழுக்குச் சாம்பல் நிறமாக வருகிறதே?

கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். வெள்ளையையும் அப்படித்தான் இழுத்து இருட்டாக்கும். ஆகவே வெளிச்சத்தைக் கூட்டுங்கள்: கமராவில் எக்ஸ்போஷரை ஒன்று அளவு மேலே ஏற்றுங்கள், போனில் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். மடிப்புக் கோடு அழிந்துபோகும் அளவுக்கு ஏற்றிவிட வேண்டாம்.

உங்கள் படங்களில் மடிப்பு அப்படியே எழுந்து நிற்கிறது, என்ன லைட்?

ஜன்னல். கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், காலை நேரம், பக்கவாட்டு வெளிச்சம். என்னைப் பொறுத்தவரை மடிப்பதும் படமெடுப்பதும் இரண்டு பொழுதுபோக்கு இல்லை. மடிப்பு என்பதே ஒரே நிறத் தாளை வெளிச்சம் விழும் பக்கம், விழாத பக்கம் என்று பிரிப்பதுதான், அதைக் காட்டக் கமரா வேண்டும்.

ஒரு டெசலேஷனை மேசையில் படுக்கப்போட்டு மேலிருந்து குழல் விளக்கில் பாருங்கள், வெறும் கசங்கிய தாள். அதே மேசையை ஜன்னலோரம் தள்ளி, வெளிச்சம் தாளை உரசிக்கொண்டு போகும்படி வையுங்கள். ஒவ்வொரு மடிப்பின் ஒரு முகம் வெள்ளை, பக்கத்து முகம் வெளிர் நீலச் சாம்பல், மடிப்பின் அடியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. தாளை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் வெள்ளை முகமும் சாம்பல் முகமும் இடம் மாறிக்கொள்ளும். நிழல் அதிகக் கறுப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டை நிறுத்துங்கள், நிழல் போதவில்லை என்றால் கறுப்பு போர்ட். படமெடுக்கும்போது பயன்படுத்துவோம் என்று முன்பு சொன்னது இதற்குத்தான்.

வெளியிலும் இதே கணக்குத்தான். ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஓகஸ்ட் முடிவை ஒட்டியும் நம் ஊரில் நடுப்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும். படுக்கவைத்த மடிப்புக்கு அந்த நேரத்தில் நிழலே இல்லை. வீட்டில் இருந்து சாப்பிடுங்கள்.

ஊரில் எங்கே வைத்து எடுக்கலாம்?

காலை என்றால் டச்சு வளைகுடாப் பக்கம் அல்லது உப்புவெளிக் கடற்கரை, இரண்டும் சூரியன் எழும் பக்கம் பார்ப்பவை. ஆறு மணியை ஒட்டிப் போனால் வெளிச்சம் தாழ்வாக, மஞ்சளாக, மணலின் ஒவ்வொரு வரியையும் காட்டிக்கொண்டு வரும். அலை வாங்கிய ஈர மணலில் ஒரு மஞ்சள் சொனோபே பந்தை வைத்து, போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் மணலை ஒட்டி இருக்கும்படி எடுத்தால் பிரதிபலிப்போடு இரண்டு பந்து. வள்ளங்களின் பக்கவாட்டுப் பலகைகளில் உரிந்த பெயின்ற் வேறு எந்தப் பின்னணியையும் விட நல்லது. வள்ளக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள், “ஐயா, இதை இதில வைச்சு ஒரு படம் எடுக்கலாமா?” என்றால் போதும், பெரும்பாலும் அவரே பந்தைக் கையில் வாங்கிப் பார்ப்பார்.

மாலைக்கு உவர்மலைப் பக்கம் போய் உட்துறைமுகத்தைப் பார்த்து நில்லுங்கள். நிலாவெளியில் மாலைச் சூரியன் முதுகுப் பக்கம் தரையில் மறையும், அங்கே போய்க் கடலில் அஸ்தமனம் தேடாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சதுர வாய்களும் இந்த வகைப் படத்துக்கு ஒத்துவரும், ஆனால் சனம் குறைந்த நேரமாகப் பார்த்து.

பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும். கையில் காகிதத்தைக் கண்டால் தின்ன ஏதோ கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கிட்ட வரும். படம் நன்றாக வரும்தான், ஆனால் தின்றுவிட்டால் அதற்குக் கூடாது, உள்ளே பைக்குள் வையுங்கள்.

எங்கே எடுக்கக்கூடாது?

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. காவலரண், வாயில், கப்பல் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். கோணேசர் கோயிலுக்குள்ளேயும் எடுக்கக்கூடாது, வெளியே பாறையும் கடலும் தாராளமாக இருக்கின்றன. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். புறாத்தீவு கடல் தேசியப் பூங்கா, அங்கே காகிதத் துண்டு ஒன்றுகூட விட்டுவரக்கூடாது, பவளக் கல் ஒன்றுகூட எடுத்துவரக்கூடாது.

காற்று தூக்கிக்கொண்டு போகாதா?

போகும். கனசதுரமோ பந்தோ என்றால் கடைசித் துண்டைச் செருகும் முன் உள்ளே ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிடுங்கள். தட்டையானவற்றை அடியில் சுவரொட்டிக் களிமண் வைத்து ஒட்டலாம். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், அது இன்னொரு காரணம் சீக்கிரம் எழும்ப.

லென்ஸில் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை.

பூஞ்சணம். உள்கண்ணாடியில் வளர்ந்திருக்கும், வெளியே துடைத்துப் பயனில்லை, திருத்துபவரிடம்தான் கொடுக்க வேண்டும். கடலோர ஊரில் கமராவைத் தோல் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சணம் பிடிக்க நேர்வழி. ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் நீலச் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய தட்டில் போட்டு மெல்லிய சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். கடற்கரையில் எடுத்த நாளில் உப்புப் படிவை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றிவிட்டுத்தான் லென்ஸைத் துடைக்க வேண்டும், காய்ந்த உப்பைத் தேய்த்தால் கீறும். அப்புறம், ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும், பைக்குள்ளேயே வைத்துச் சூடு ஏறவிடுங்கள்.

ஜன்னலோரப் படம் அலுத்துவிட்டது. வேறு ஏதாவது?

டெசலேஷனை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பின்னால் வெளிச்சம் விடுங்கள். ஒரு படை உள்ள இடம் வெளிர், மூன்று படை உள்ள இடம் கடும் நிறம், முன்பக்கம் தெரியாத ஒரு நட்சத்திரக் கோலமே உள்ளேயிருந்து வரும். டிரேசிங் தாளில் செய்தால்தான் இது. இரவில் அறையை இருட்டாக்கி, போனின் புரோ மோடில் ஷட்டர் எட்டுப் பத்துச் செக்கன் திறந்திருக்கும்படி வைத்து, இன்னொரு போனின் டார்ச்சை வடிவத்தைச் சுற்றி ஆட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு படம்.

ஒரு மையத்தைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக, மலையும் பள்ளமும் மாறி மாறி மடித்த தாளை விட்டுவிட்டால் அது தானாகவே குதிரைச் சேண வடிவில் முறுகும். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் 1920களிலேயே மாணவர்கள் மடித்தது. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கோடுகளை மட்டும் மடித்து அந்த வடிவம் வரவே முடியாது என்று 2009இல் கணிதவியலாளர்கள் நிறுவினார்கள். தாள் நமக்குத் தெரியாமல் ஆங்காங்கே சின்னதாக வளைந்து சமாளிக்கிறது. பக்கவெளிச்சத்தில் கிட்ட எடுத்தால் அந்தச் சமாளிப்பைக்கூடப் பார்க்கலாம்.

மியூரா மடிப்பையும் விடாதீர்கள். கோர்யோ மியூரா என்ற விண்வெளிப் பொறியியலாளர் வகுத்தது. இரண்டு எதிர் மூலையைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே அசைவில் விரியும், தள்ளினால் மூடும். 1995இல் ஜப்பான் ஏவிய விண்கலம் ஒன்றின் சூரியத்தகடு இப்படித்தான் விரிந்தது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு படமாக எடுத்துச் சேர்த்தால் நல்ல சின்ன வீடியோ.

இதில் காசு பார்க்கலாமா?

பெரிதாக இல்லை. கலியாண மேசை அலங்காரம், பரிசுப் பெட்டி என்று யாராவது கேட்பார்கள். ஒன்று ஞாபகம் வையுங்கள், இன்னொருவர் வடிவமைத்த மாதிரியை மடித்து விற்பதற்கு முன் வடிவமைத்தவரின் அனுமதி கேட்க வேண்டும், படம் போடும்போது அவர் பெயரையும் போட வேண்டும். மடித்தவர் நீங்கள், வடிவம் அவருடையது.

மடித்து முடித்தவற்றை எல்லாம் எங்கே வைக்கிறீர்கள்?

வைப்பதில்லை. திறந்து வைத்தால் பல்லி எச்சம், மூடி வைத்தால் வெள்ளிப்பூச்சி. படம் எடுத்து முடிந்ததும் கேட்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் வேலையாகப் பிரித்துப் போடுவார்கள், பரவாயில்லை, பிரித்த 30 துண்டையும் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் மறுநாள் கேட்டுக்கொண்டு வருவார்கள்.